நிறுவனத்துக்குள் ஓர் உள்ளகத் தளம்: முதன்முறை தொடங்குபவர்களுக்கு

காலை எட்டரைக்கு நெல்லியடிக் கிளையிலிருந்து தொலைபேசி வரும். "புதுப் படிவத்தில் பிணையாளி எத்தனை இடத்தில் கையொப்பம் வைக்கவேணும்?" பதில் சொல்லி வைப்போம். ஒன்பது மணிக்குச் சாவகச்சேரி, அதே கேள்வி. பத்துக்கு ஊர்காவற்றுறை, அதே கேள்வி. மத்தியானம் சுன்னாகத்துக்கு என் பக்கத்து மேசைக்காரர் பதில் சொன்னார். அவர் சொன்னது வேறு. அடுத்த கிழமை வயதான ஒரு பிணையாளி, விடுபட்ட ஒரு கையொப்பத்துக்காக மட்டும் மறுபடி பஸ் ஏறி வந்துவிட்டுப் போனார்.

யாழ்ப்பாணத்தில் தலைமைக் கந்தோரும், தீவகம் தொடக்கம் வவுனியா வரை கிளைகளும் உள்ள ஒரு நிறுவனத்தில், உள்ளகத் தளம் அமைக்கும் வேலை என்னிடம் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. இரண்டாம் தடவை நின்றுபிடித்தது. இரண்டுக்கும் இடையில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். "இதை நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ" என்று மேலிடம் சொல்லிவிட, எங்கிருந்து தொடங்குவது என்று விளங்காமல் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், இது என்ன சாமான்?

உள்ளகத் தளம் என்றால் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் உள்ளே வரக்கூடிய ஒரு கதைக்கும் இடம். முகநூல் போலப் பதிவு போடலாம், கீழே பதில் எழுதலாம், குழு அமைக்கலாம், ஒரே ஆவணத்தைப் பலர் சேர்ந்து திருத்தலாம். இந்த வகைக் கருவிகளை நிறுவனங்கள் பயன்படுத்துவதற்கு 2006 இல் அன்ட்ரூ மக்கஃபி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'என்ரர்பிரைஸ் 2.0' என்று பெயர் வைத்தார். 2008 இல் யம்மர் என்ற உள்ளகத் தளம் வந்தது. அதை 2012 இல் மைக்ரோசொப்ட் 120 கோடி டொலருக்கு வாங்கியது. 2013 இல் ஸ்லாக், 2016 இல் பேஸ்புக்கின் வேர்க்பிளேஸ், 2017 இல் மைக்ரோசொப்ட் டீம்ஸ்.

இந்த வரிசையைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யம்மர் 2023 இல் விவா எங்கேஜ் என்று பெயர் மாறியது. வேர்க்பிளேஸை நிறுத்தப் போவதாக 2024 மே மாதம் அறிவித்தார்கள்; 2025 ஆகஸ்ட் இறுதியோடு வழமையான பாவனை முடிந்தது. உலகின் மிகப் பெரிய சமூக ஊடக நிறுவனம் நடத்திய தளத்துக்கே இந்த நிலை. ஆகவே எந்தத் தளத்தைப் பார்த்தாலும் முதல் நாளே கேட்கவேண்டியது: "நாளைக்கு நாங்கள் வெளியேறினால், எழுதியதையெல்லாம் எந்த வடிவில் எடுத்துக்கொண்டு போகலாம்?" விற்பவர் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

ஒரு கொப்பி, ஒரு கிழமை

தளம் தேடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. தலைமைக் கந்தோரில் அதிகம் தொலைபேசி எடுக்கும் மூன்று மேசைகளில் ஆளுக்கொரு கொப்பி வையுங்கள். ஐந்து வேலைநாட்களுக்கு, எந்தக் கிளை என்ன கேட்டது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று கொப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் கண்ணில் படும். எங்களுக்குக் கடன் படிவம், லீவு, கணினி பழுது என்ற மூன்றும் முன்னுக்கு வந்தன.

அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். தளத்தின் முதல் வேலை அதுதான். "எல்லோரும் கருத்துப் பரிமாற ஒரு இடம்" என்று தொடங்கினால் யாரும் வரமாட்டார்கள். பரிமாற வேண்டிய கருத்து அந்த நேரத்தில் யாரிடமும் இருக்காது. "கடன் படிவம் பற்றிய கேள்விக்கு இனி இங்கேதான் பதில்" என்றால் தேவை உள்ளவர் வருவார். நான் முதல் தடவை விட்ட பிழை இதுதான். திணைக்களம் திணைக்களமாக முப்பதுக்கு மேல் குழுக்களை ஒரே நாளில் திறந்தேன். எல்லாக் குழுவிலும் "வரவேற்கிறோம்" என்ற என்னுடைய ஒரு பதிவு மட்டும் மாதக்கணக்கில் இருந்தது.

வட்ஸ்அப்பை என்ன செய்வது?

இந்தக் கேள்வி எல்லாக் கந்தோரிலும் வரும். "ஏற்கெனவே வட்ஸ்அப் குழு இருக்கிறதே, பிறகு ஏன் இன்னொன்று?" நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும்.

வட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய சொந்தத் தொலைபேசி எண் எல்லோருக்கும் தெரியவருகிறது. இது எங்கள் பெண் உத்தியோகத்தர்கள் பலருக்குப் பெரிய சங்கடம். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், தனியாகக் கேட்டால் சொல்வார்கள். வேலையை விட்டுப் போனவருடைய போனில் அதுவரை நடந்த நிறுவனக் கதை முழுதும் அவரோடே போகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்குப் போன வருடம் எடுத்த முடிவு எதுவும் கிடைக்காது. ஒரு குழுவில் 1024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. இன்னொன்று, எங்கள் நாட்டுக்கே உரியது: 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது வட்ஸ்அப்பும் சேர்ந்து நின்றது. அந்த நாட்களில் வேலை ஒழுங்கு முழுவதையும் அதற்குள் வைத்திருந்த இடங்கள் தடுமாறின.

ஆனாலும் வட்ஸ்அப்பைத் தடை செய்யவேண்டாம். மரண அறிவித்தலும் பிறந்தநாள் வாழ்த்தும் "பஸ் பிந்தும், பத்து நிமிடம் தாமதம்" என்பதும் அங்கேயே இருக்கட்டும். ஒரே ஒரு எல்லை போதும்: கூப்பிடுவது எங்கே என்றாலும் பரவாயில்லை, முடிவு எழுதப்படுவது தளத்தில். வட்ஸ்அப்பில் யாராவது வேலைக் கேள்வி கேட்டால் அங்கே பதில் எழுதாதீர்கள். தளத்தில் பதிலை எழுதி, அதன் இணைப்பை வட்ஸ்அப்பில் போடுங்கள். மூன்று கிழமை சலிக்காமல் இப்படிச் செய்தால் பழகிவிடும்.

எந்தத் தளம்?

நிறுவனம் ஏற்கெனவே மைக்ரோசொப்ட் 365 அல்லது கூகுள் வேர்க்ஸ்பேஸுக்குக் காசு கட்டுகிறதா என்று முதலில் கணக்குப் பிரிவில் கேளுங்கள். பல இடங்களில் மின்னஞ்சலுக்காக வாங்கிய அந்தத் தொகுப்புக்குள்ளேயே டீம்ஸோ கூகுள் சற் (Google Chat) தளமோ பாவிக்காமல் கிடக்கிறது. அப்படியென்றால் அதையே எடுங்கள், புதிதாக வாங்கவேண்டாம். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் பதிவுகளைத்தான் பார்க்கலாம். பழைய பதிலைத் தேடி எடுப்பதற்காகத் தொடங்கும் ஒன்றுக்கு அது உதவாது. மற்றமோஸ்ட், சூலிப், றொக்கற்சற், நெக்ஸ்ட்கிளவுட் போன்றவற்றைச் சொந்த சேவையகத்தில் (நிறுவனமே வைத்து நடத்தும் சர்வர் கணினியில்) நிறுவலாம், தரவு கையில் இருக்கும். சூலிப்பில் ஒவ்வொரு பதிவையும் ஒரு தலைப்பின் கீழ் எழுதுவதால் கேள்வி பதில் வேலைக்கு எனக்கு அது பிடிக்கும். ஆனால் சொந்த சேவையகம் என்றால் மின்சாரம் நின்றாலும், இரவு பன்னிரண்டுக்குப் பழுதானாலும் எழும்பிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் சம்பளப் பட்டியலில் இல்லையென்றால் இந்த வழியை விடுங்கள்.

தெரிவு செய்யும்போது கந்தோர் வைஃபையில் நல்ல மடிக்கணினியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் நிறுவனத்தில் ஆகக் குறைந்த விலைப் போன் வைத்திருப்பவரிடம் அதைக் கொடுத்து, சிக்னல் குறைந்த இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் போய், அங்கே ஒரு படம் ஏற்றி, ஒரு பழைய பதிலைத் தேடிப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். ஒரு செயலி அங்கே திறக்கவே மறுத்தது. கொழும்பிலிருந்து வந்து காட்டியவர்களுடைய திரையில் அது பறந்தது.

டேட்டாவையும் கவனியுங்கள். பலர் போடுவது வட்ஸ்அப், முகநூலுக்கு மட்டும் பாவிக்கும் மலிவுப் பக்கேஜ். உங்கள் புதுச் செயலி அந்தப் பக்கேஜுக்குள் வராது, அவர்களுடைய சாதாரண டேட்டாவைத் தின்னும். "ஏன் தளத்துக்கு வருவதில்லை" என்று கேட்டால் வெட்கத்தில் வேறு காரணம் சொல்வார்கள். ஆகவே மாதாமாதம் ஒரு சிறு டேட்டாக் கொடுப்பனவைத் தொடக்கத்திலேயே செலவுத் திட்டத்தில் எழுதுங்கள்.

தமிழ் எழுத்து: இதை மட்டும் அவசரப்பட்டுக் கடக்காதீர்கள்

எங்கள் கந்தோர்களில் பழைய சுற்றுநிருபங்களும் படிவங்களும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. தாளில் பார்க்கும்போது அழகான தமிழ். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆவணத்தை அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டு "பிணையாளி" என்று யுனிகோடில், அதாவது இன்று போனிலும் இணையத்திலும் பாவிக்கும் பொது எழுத்து முறையில் தேடினால் ஒன்றும் வராது. பதில் அங்கேயே இருக்கும், ஆனால் யாருக்கும் கிடைக்காது. இரண்டு நாள் தேடிக் களைத்தவர் மூன்றாம் நாள் தொலைபேசியை எடுப்பார். தளம் தோற்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இன்று நடைமுறையில் உள்ள சுற்றுநிருபங்களை மட்டும் பிரித்தெடுங்கள். இருபது வருடத்து அலுமாரி முழுவதையும் ஏற்றவேண்டாம். பிரித்தவற்றை யுனிகோடுக்கு மாற்றுங்கள். இதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கவேண்டும், குறிப்பாக எண்களையும் கிரந்த எழுத்துகளையும். ஸ்கான் செய்த படமாகத்தான் இருக்கிறது என்றால், மேலே இரண்டு வரியில் விடயம் என்ன என்று தட்டச்சு செய்து போடுங்கள். தேடலுக்கு அந்த இரண்டு வரி போதும்.

பாமினி விசைப்பலகையில் வருடக்கணக்காகக் கை பழகியவரை "இனி வேறு மாதிரி அடியுங்கோ" என்று சொல்லாதீர்கள். அதே விசை ஒழுங்கில் யுனிகோட் அடிக்கும் மென்பொருள்கள் உண்டு. அதை நிறுவிக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் மாறியதாகவே தெரியாது.

போனில் தமிழ் அடிக்கக் கஷ்டப்படுபவர்கள் குரல் பதிவு போடுவார்கள். போடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் குரலைத் தேட முடியாது. குழுவைக் கவனிப்பவர் அதைக் கேட்டு, கீழே ஒரு வரியில் சாரத்தை எழுதிவிட வேண்டும். சிங்களச் சகோதரர்கள் எழுதுவதை விளங்கிக்கொள்ள இயந்திர மொழிபெயர்ப்பு நல்ல உதவி. சுற்றுநிருபத்துக்கு மட்டும் அதை நம்பவேண்டாம், மனிதர் பார்த்தே தீரவேண்டும்.

ஒரு பக்க ஒழுங்குவிதி

நீளமாக எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். ஒரு பக்கத்தில் இவ்வளவும் இருக்கட்டும்: வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படமோ எண்ணோ, மருத்துவ விபரமோ பொதுக் குழுவில் வரக்கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதை எல்லோரும் அறியவேண்டும். வேலையை விட்டவருடைய கணக்கு அன்றே மூடப்படும். பதிவுகள் எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். அரச நிறுவனம் என்றால் 2016 இன் தகவலுக்கான உரிமைச் சட்டத்தையும் நினைவூட்டுங்கள். எழுத்தில் பதிவானதைப் பொதுமகன் கேட்கலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். "நாங்கள் இருவர் தனியாகக் கதைப்பதை மேலிடம் பார்க்குமா?" என்று கேட்பார்கள். நிறுவனக் கணக்கில் எழுதியதைத் தேவை வந்தால் நிறுவனத்தால் எடுக்க முடியும் என்பதுதான் உண்மை. யார், எந்த நிலைமையில், யாருடைய அனுமதியோடு எடுக்கலாம் என்பதை எழுதி வையுங்கள். இதை மறைத்து, பிறகு ஒருநாள் வெளிவந்தால் அந்தத் தளத்தில் யாரும் மனம்விட்டு எழுதமாட்டார்கள்.

யாரை முதலில் சேர்ப்பது?

தலைமைக் கந்தோரில் ஒருவர், நான்கைந்து கிளைகளில் இருவர் மூவர், மொத்தம் பதினைந்து பேர் போதும். கணினி நன்றாகத் தெரிந்த இளைய பிள்ளைகளைத்தான் பொறுக்கவேண்டும் என்று தோன்றும். அவர்கள் வேண்டும்தான். ஆனால் அவர்களுக்கு முன்னால் ஒருவர் வேண்டும். ஒவ்வொரு கந்தோரிலும் ஒரு அக்கா இருப்பார். இருபது வருடத்துக்கு மேல் முகாமைத்துவ உதவியாளர். எந்தப் படிவம் எந்த லாச்சிக்குள், எந்தச் சுற்றுநிருபம் எதை மாற்றியது என்று அவருக்குத் தெரியும். "அக்காவிட்ட கேளுங்கோ" என்றுதான் எல்லாக் கேள்வியும் முடியும். அவர் தளத்துக்கு வராவிட்டால், கேள்விகளும் அவர் பின்னாலேயே தொலைபேசிக்குப் போய்விடும்.

எங்கள் அக்கா முதலில் மறுத்தார். "தெரிஞ்சதை எல்லாம் எழுதிப்போட்டால் பிறகு நான் எதுக்கு?" என்று கேட்டார். அந்தப் பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. நாங்கள் மூன்று காரியம் செய்தோம். அவர் எழுதும் பதில் அவருடைய பெயரோடேயே நிற்கும், வேறொருவர் எடுத்துத் தன் பெயரில் சுற்றுநிருபமாக்க முடியாது என்று ஒழுங்குவிதியில் சேர்த்தோம். தொலைபேசிப் பொறுப்பில் பாதியை அவருடைய மேசையிலிருந்து எடுத்தோம். தட்டச்சு செய்ய ஒரு தங்கச்சியைப் பக்கத்தில் இருத்தினோம். அக்கா சொல்லச் சொல்ல அவர் அடித்தார். இரண்டு மாதத்தில் அக்காவே போனில் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

சேர் இருக்கும் இடத்தில் எப்படிக் கேட்பது?

எங்கள் ஊரில் தளம் படுப்பதற்குத் தொழில்நுட்பத்தை விட இதுதான் பெரிய காரணம். பெரியவர்கள் பார்க்கும் இடத்தில் "எனக்கு இது தெரியாது" என்று எழுத எங்களுக்கு வராது. பள்ளிக்கூடத்தில் கை உயர்த்தத் தயங்கியவர்கள்தானே நாங்கள்.

முதல் முயற்சியின்போது நடந்தது இது. ஒரு கிளையிலிருந்து புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நல்ல கேள்வி ஒன்று போட்டார். உயர் அதிகாரி ஒருவர் கேள்விக்குப் பதில் எழுதாமல், அதிலிருந்த எழுத்துப் பிழையைத் திருத்தி எழுதினார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கிழமை அந்தக் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தம்பி மறுபடி எழுதவே இல்லை. எனக்கு இன்றும் அது மனதை உறுத்துகிறது. நான் அன்றே உள்ளே போய் அவருடைய கேள்விக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை, தளம் திறப்பதற்கு முன்பே முகாமையாளர்களோடு தனியாக உட்கார்ந்தோம். மூன்று விடயம் கேட்டோம். முதல் கேள்வியை அவர்களே போடவேண்டும்; அதுவும் உண்மையிலேயே தங்களுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கவேண்டும். எழுத்துப் பிழையைப் பொதுவில் திருத்தக்கூடாது. முதல் மாதம் எந்தக் கேள்வியும் அன்றைய வேலைநேரம் முடிவதற்குள் பதில் இல்லாமல் கிடக்கக்கூடாது. "பார்த்துச் சொல்கிறேன், வியாழக்கிழமை" என்பதும் பதில்தான். பிராந்திய முகாமையாளர் ஒருவர் "புது லீவுப் படிவத்தில் ஐந்தாம் பகுதி எனக்கு விளங்கவில்லை, யாராவது சொல்லுங்கோ" என்று எழுதினார். பத்து நிமிடத்தில் பருத்தித்துறையிலிருந்து ஒரு தங்கச்சி "சேர், அது இப்படி" என்று விளக்கினார். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள்.

"சேர்", "மிஸ்", "அண்ணை", "அக்கா" என்று எழுதுவதை மாற்றச் சொல்லாதீர்கள். பெயர் சொல்லி அழைக்கும் வெளிநாட்டு வழக்கத்தைத் திணித்தால் இருக்கும் வாயும் அடைத்துவிடும்.

எழுதாதவர்களை நினைத்துக் கவலைப்படவும் வேண்டாம். இணையக் குழுக்களில் நூறு பேரில் தொண்ணூறு பேர் வாசிப்பதோடு நிற்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் 2006 இல் ஒரு கணக்குச் சொன்னார். கந்தோருக்குள் அந்த விகிதம் கூடிக் குறையும், ஆனால் போக்கு அதுதான். வாசித்துவிட்டுச் சரியாக வேலை செய்பவரும் தளத்தைப் பாவிப்பவரே. "ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பதிவு கட்டாயம்" என்று உத்தரவு போட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். காலை வணக்கப் படங்கள்தான் நிறைந்தன.

பழக்குவது

மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டு அறுபது பேருக்குக் காட்டுவது நேரம் போக்கும் வேலை. அவரவர் மேசைக்குப் போங்கள். அவரவர் போனில், அன்றைக்கு அவர் செய்யவேண்டிய வேலையை வைத்தே இருபது நிமிடம் காட்டுங்கள். நான்கு விடயம் போதும்: தேடுவது, அந்தந்தக் கேள்விக்குக் கீழேயே பதில் எழுதுவது, ஒருவரைப் பெயர் சுட்டி அழைப்பது, படம் இணைப்பது. மாத முடிவில் போகாதீர்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளிலும் வேண்டாம், பாதிப் பேர் லீவில் நிற்பார்கள், மற்றப் பாதியின் மனம் அங்கே இருக்கும்.

குழுவுக்குப் பெயர் வைக்கும்போது திணைக்களப் பெயரை விட்டு, ஆட்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படி வையுங்கள். "கடன் படிவக் கேள்விகள்", "கணினி பழுது". ஒவ்வொரு குழுவுக்கும் பெயர் குறித்த ஒரு கவனிப்பாளர். மூன்று மாதம் அசைவில்லாத குழுவை மூடுங்கள்.

அறிவிப்புச் சத்தத்தை மாலை ஐந்து மணிக்கு மேல் நிறுத்தி வைக்க முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். இரவில் நினைவு வந்தால் மறுநாள் காலைக்கு நேரம் குறித்து அனுப்பும் வசதி பல தளங்களில் இருக்கிறது. முகாமையாளர்களுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். பிள்ளையைப் படிப்பித்துக்கொண்டிருக்கும் தாய்க்கு இரவு ஒன்பது மணிக்கு வேலைச் செய்தி போகக்கூடாது.

பழைய வழியை மூடும் நாள்

இரண்டு வழி திறந்திருந்தால் கால் பழகிய வழியில்தான் போகும். கடன் படிவக் குழு இரண்டு மாதம் ஓடி, பதில்கள் சேர்ந்த பிறகு ஒரு திகதி குறியுங்கள். அன்றிலிருந்து அந்த விடயத்தில் தொலைபேசிக்குப் பதில்: "தளத்தில் இருக்கு, நான் இப்பவே இணைப்பு அனுப்புறன்." அதே சுற்றுநிருபம் தொலைநகலிலும் மின்னஞ்சலிலும் தளத்திலும் மூன்று இடத்தில் வரக்கூடாது. மேலிடம் இதற்குக் கையொப்பம் வைக்காவிட்டால் திகதி குறிக்காதீர்கள், பேச்சு எடுபடாது. அது நிலைத்த பிறகுதான் லீவு, அதற்குப் பிறகு கணினி பழுது, ஒவ்வொன்றாக.

மூன்றாம் மாதம் மறுபடி அந்தக் கொப்பிகளை ஐந்து நாள் வையுங்கள். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற வரைபடத்தை மேலிடத்துக்குக் காட்டுவதை விட, முன்பு கடன் படிவத்துக்கு எத்தனை அழைப்பு, இப்போது எத்தனை என்று இரண்டு கொப்பியையும் மேசையில் வைப்பது மேல். குறையவில்லை என்றால் பதில் தெளிவாக இல்லை, அல்லது தேடலில் வரவில்லை. அந்தப் பதிவைத் திறந்து திருத்துங்கள்.

கடைசியாக ஒரு வேலை. எங்கள் பக்கத்தில் இடமாற்றம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தளத்தின் நிர்வாகக் கணக்கு உங்கள் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. இரண்டாவது ஒருவரைச் சேர்த்து, மீட்புக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டி, இருவர் கையொப்பத்தோடு பாதுகாப்புப் பெட்டிக்குள் வையுங்கள். முதல் பதினைந்து பேரைச் சேர்க்கும் அதே நாளில் இதையும் செய்துவிடுங்கள்.